காதுச்சாமியும் ஈரப் பஞ்சும்

சர்க்கரை டப்பாவை இறுக்கி மூடிவிட்டுத்தான் அன்று அந்த மூக்குக்கண்ணாடிக்காரர் கடைக்குக் கிளம்பினார். எதை மூடினாலும் அடுத்தவர் திறக்க முடியாதபடி மூடுவது அவர் பழக்கம். "எறும்பு கூட என்னைக் கேட்டுட்டுத்தான் உள்ள போகணும்" என்றார். மனைவி சிரிக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

அவர் தம் கடையைத் திறந்தபோது, எதிர் நகைக்கடையிலிருந்து ஒரு திருடன் ஓடிவந்தான். வழிவிடச் சொல்லி அவன் சுட்டான். துரத்திவந்த காவலாளியும் சுட்டான். ஒரு தோட்டா அவர் உடம்பைத் துளைத்துக்கொண்டு போனது; உயிரும் அதோடு போனது. இரண்டுமே கண்ணாடிக் கடைச் சுவரில் கிடைத்தன. துளைத்தது எது? காவலாளி அவர் மனைவியின் சொந்தத் தம்பி.

தோட்டாக்கள் ஆய்வகத்துக்குப் போயின. ஆய்வகத்துக்கு வாரக்கணக்கு வேண்டும். குறி சொல்லும் காதுச்சாமிக்கு ஒரு கொட்டாவி நேரம் போதும்.

ஊரே காதுச்சாமி வாசலில்தான் நின்றது. படித்தவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். படிப்பு அதற்காவது உதவட்டுமே. உயிரைக் குடித்த தோட்டாவைக் காதில் வைத்தால் அது அவரிடம் பேசுமாம். போலீஸ் பெட்டிக்குள் இருந்தாலும் சாம்பல் கிண்ணத்தில் வரவழைப்பாராம். இவ்வளவு பேசுகிற தோட்டா, பாய்வதற்கு முன் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அதை யாரும் கேட்கவில்லை.

இறந்தவரின் மனைவியை அழைத்துப்போன மாமியார், தன் சங்கிலியைக் கழற்றிக் காணிக்கையாக வைத்தாள். "சுட்டவன் உன் வீட்டுல சாப்பிட்டவன்மா. இனி அவன் உன் வாசப்படி மிதிக்கக்கூடாது" என்றார் சாமி. அன்றிலிருந்து தம்பி தெருமுனையோடு நின்றுவிட்டான்.

மருமகள் ஆய்வகத்துக்குப் போய் அங்கிருந்த அம்மாளிடம் கேட்டாள்: "அந்தத் தோட்டாவுல என்னங்க தெரியும்?"

"உடம்பைத் துளைச்சதுல கண்ணுக்குத் தெரியாத துணுக்கு ஒட்டியிருக்கும். முதல்ல ஈரப் பஞ்சால ஒத்தி எடுப்போம். அது யாரோடதுன்னு பார்ப்போம். அப்புறந்தான் எந்தத் துப்பாக்கின்னு பார்ப்போம். அவசரப்பட்டுத் துடைச்சா எல்லாம் போச்சு."

"என் தம்பி சுட்டதா இருந்தாலும் சொல்லிடுவீங்கள்ல?"

"சொல்லித்தான் ஆகணும்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது.

தோட்டாவை வரவழைக்கும் நாளில், மாமியாரோடும் மாடி வீட்டு வேதியியல் டீச்சரோடும் அவள் போனாள். சாமி சாம்பலுக்குள் கைவிட்டார். சிவப்பாக நனைந்த தோட்டா வந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"சாமி, இது எங்க வீட்டுக்காரர் ரத்தமா?"

"சந்தேகமாம்மா? ஈரம்கூட இன்னும் காயல."

"ஞாபகத்துக்கு ஒத்தி எடுத்துக்கவா?"

"தாராளமா."

அவள் பஞ்சுக்குச்சியால் லேசாக ஒத்தினாள். டீச்சர் பையிலிருந்த மருந்துகளைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பஞ்சு மாறவில்லை. பிறகு மருமகள் தன் விரலில் ஊசியால் குத்தி இன்னொரு பஞ்சை நனைத்தாள். அதே மருந்து பட்டதும் பளிச்சென்று இளஞ்சிவப்பானது.

"ரத்தம்னா இப்படி ஆகும்" என்றாள் டீச்சர்.

"புண்ணிய ரத்தம் மருந்துக்கு மசியாது" என்றார் சாமி.

"அப்ப என் மருமக பாவியா?" மாமியார் எழுந்தாள். "இன்னொரு தடவை கைவிடு சாமி. சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு."

சாமி மடிக்கவில்லை. மாமியாரே பிடித்து உதறினாள். சிவப்பு மைப்புட்டி ஒன்று விழுந்தது. கூடவே இரண்டு தோட்டாக்கள் உருண்டன.

"மீதி ரெண்டும் யாரு பெத்த பிள்ளைக்கு வச்சிருக்கே?"

கூட்டத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மாமியார் தன் சங்கிலியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

பிறகு ஆய்வறிக்கை வந்தது. கடைக்காரர் உடம்பின் துணுக்கு இருந்தது திருடனின் தோட்டாவில். தம்பியின் தோட்டாவில் இருந்தது சுவர்ச் சுண்ணாம்பு மட்டும்.

"யாரு சொன்னா? தோட்டாவா?" என்றாள் மாமியார்.

"இல்ல அத்தை, பஞ்சு."

காதுச்சாமி வேறு ஊருக்குப் போய்விட்டார். இப்போது கத்தி பேசுகிறதாம். அங்கேயும் வரிசை நிற்கிறது. காதை இரவல் கொடுப்பவர்கள், மூளையை மட்டுமாவது வீட்டில் வைக்காமல் எடுத்துக்கொண்டு போகலாம்.

அன்று மாலை மாமியாரே தெருமுனைக்குப் போய்த் தம்பியை அழைத்துவந்தாள். காப்பிக்கு உட்கார்ந்தவன் சர்க்கரை டப்பாவைத் திருகினான். துணி சுற்றித் திருகினான். வெந்நீரில் வைத்துத் திருகினான்.

"மாமா மூடினதாக்கா?"

"ஆமா."

மூடி அசையவில்லை.