வெந்நீர் மிஷினைத் திருப்பி அனுப்பும் விஷயமாக

காந்தலூர் கோசுக்காடு,
23-1-1977, ஞாயிறு.

அபுதாபி எண்ணெய்க் கம்பெனியின் கூடாரத்தில் வேலை பார்க்கும் மூத்த மாப்பிள்ளை நல்லதம்பி அவர்களுக்கு, மாமனார் காளிச்சாமி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே மலையில் நானும் உங்கள் அத்தை ராமாத்தாளும் முட்டைக்கோசுகளும் சௌக்கியம். கீழே கொழிஞ்சாம்பாறையில் உங்கள் மனைவி ராசம்மாளும் குழந்தையும் எருமைகளும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்துக்கும் ஒரு வரி எழுதவும். முறைப்படி கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது, இனி மிஷின் விஷயத்துக்கு வருகிறேன்.

போன லீவில் வந்தபோது, "மாமா, மலையில கூடாரம் போட்டுக் குளிர்ல கெடக்கறீங்க, இந்த மிஷின் இருந்தா நின்ன எடத்துல வெந்நீர்ல குளிக்கலாமுங்க" என்று ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அதிலே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, அதன் மேல் உட்காரும் தகரப் பீப்பாய், காலால் மிதிக்கிற பம்பு, நீளமாக ஒரு ரப்பர் குழாய், அதன் நுனியில் பூவாளி மூக்கு எல்லாம் இருந்தன. கூடவே இருந்த காகிதத்தில் எழுத்தெல்லாம் புரியாத பாஷை. படம் மட்டும் புரிந்தது. அரை டவுசர் போட்ட ஒரு வெள்ளைக்காரன் தலையில் தண்ணீர் விழ விழச் சிரித்துக்கொண்டிருந்தான். எதற்காகச் சிரித்தான் என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

மூன்று மாதம் அதை நான் தொடவே இல்லை. இப்போது தொட்டதற்குக் காரணம் உங்கள் கொழுந்தியாள் சின்னத்தாயி. அவளுக்கு இருபத்திரண்டு முடிந்துவிட்டது, வந்த மூன்று இடமும் பேச்சோடு நின்றுவிட்டன. நான்காவதாக வேலந்தாவளம் குப்பண்ணன் வீட்டுப் பையனுக்கு ஜாதகம் அப்படியே பொருந்தியது. பெண்ணை அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் குப்பண்ணன், "காந்தலூர்ல காடு இருக்குதுன்னு சொன்னீங்க, அதையும் ஒருக்கா என்ற கண்ணால பாத்துட்டு வாக்குக் குடுத்தர்றனுங்க" என்றார். வருவது சனிக்கிழமை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து வெந்நீரில் தலைமுழுகாவிட்டால் அவருக்கு ஒரு வாரம் கண் எரியுமாம், முழங்கால் மடங்காதாம். அப்படிப்பட்ட மனிதரை ஓடைத் தண்ணீரில் எப்படிக் குளிக்கச் சொல்வது? அதனால்தான் உங்கள் மிஷினை வெளியே எடுத்தேன், வேறு ஆசை ஒன்றும் இல்லை.

புதன்கிழமை அடுப்பைப் பற்ற வைத்தேன், பற்றவில்லை. திரியை மாற்றினேன், மண்ணெண்ணெயை மாற்றினேன், காற்றடிக்கிற திசைக்கு முதுகைக் காட்டி நானே மாறி மாறி உட்கார்ந்தேன், புகைதான் வந்தது. கடைசியில் கவிழ்த்துப் பார்த்தால் பீப்பாயின் அடியோடு அடுப்பிலும் ஒரு ஓட்டை பாக்கியில்லாமல் சாம்பல் குழைத்து வழவழவென்று பூசியிருக்கிறது. உங்கள் அத்தையின் வேலை. "புதுப் பாத்திரம் அடுப்புல ஏறுனா கரி புடிக்காதுங்களா? சாம்பல் பூசாம வெப்பாங்களா யாராச்சும்?" என்று என்னையே கேட்கிறாள். பூசியதோடு நிற்காமல் மூன்று பக்கம் மஞ்சள் குங்குமமும் வைத்திருந்தாள். துடைப்பக் குச்சியால் ஓட்டை ஓட்டையாகக் குத்தி எடுக்க வியாழக்கிழமை முழுக்க ஆயிற்று. வெள்ளிக்கிழமை குழாயைத் தலைகீழாக மாட்டியதால் தண்ணீர் மேலே வராமல் பீப்பாய்க்குள்ளேயே குமிழி விட்டது. மாற்றி மாட்டினேன். வந்தது மாப்பிள்ளை, சுடச்சுட வந்தது. சாயங்காலப் பனியில் நானும் அந்த வெள்ளைக்காரன் மாதிரியே சிரித்துக்கொண்டு குளித்தேன். அன்று உங்களை வாயார வாழ்த்தினேன் என்பதை மறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை குப்பண்ணன் வந்தார், காட்டைச் சுற்றிப் பார்த்தார், ஒரு கோசைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கோவணத்தோடு, உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வழிய, சாக்கு மறைப்புக்குள் கல்லின் மேல் உட்கார்ந்தார். நான் வெளியே நின்று பம்பை மிதித்தேன். முதல் தண்ணீர் விழுந்ததும், "ஏனுங்க காளிச்சாமி, அருவியில உக்காந்தாப்டி இருக்குதுங்க" என்றார். எனக்குக் கல்யாணப் பந்தலே கண்ணில் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் அத்தை யோசித்திருக்கிறாள். வந்த விருந்தாளி எண்ணெய் போக அரப்பு இலைப்பொடியைத் தனியே கரைத்துத் தேய்ப்பானேன், தண்ணீரிலேயே கலந்து வந்தால் வேலை மிச்சம்தானே என்று ஒரு படி அரப்புத்தூளைப் பீப்பாய்க்குள் கொட்டி, கரண்டியால் கலக்கி, மூடியையும் இறுக்கிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பூவாளியிலிருந்து பச்சையாகக் கூழ் மாதிரி கொஞ்சம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. "கண்ணு தொறக்க முடியலீங்க, தண்ணி உடுங்க" என்கிறார் உள்ளேயிருந்து. மருந்தடிக்கிற பம்பு அடைத்தால் நாம் என்ன செய்வோம், இன்னும் பலமாக அடிப்போம். இருபது வருஷப் பழக்கம். நானும் ஏறி நின்று மிதித்தேன். டப்பென்று பூவாளி பிய்த்துக்கொண்டு பறந்தது, குழாய் அந்தச் சாக்கு மறைப்புக்குள் துள்ளித் துள்ளி அவரை முகத்திலும் முதுகிலும் அடித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டே மறைப்பைக் கிழித்துக்கொண்டு கோசுக்காட்டுக்குள் ஓடினார். கோசு ஏற்ற லாரியோடு வந்து நின்ற வியாபாரி பரீது, பச்சையாக ஓடி வரும் ஆளைப் பார்த்து முதலில் லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். அப்புறம் இறங்கி, ஓடையிலிருந்து மொண்டு மொண்டு பதினொரு வாளி ஊற்றினான். தை மாதக் காந்தலூர் ஓடைத் தண்ணீர். குப்பண்ணனின் பல் கிடுகிடுத்த சத்தம் கூடாரம்வரை கேட்டது.

திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். வேட்டியைக் கட்டினார், துண்டைத் தோளில் போட்டார், பரீது லாரியிலேயே ஏறிப் போய்விட்டார். அவருக்கென்று வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் ஐம்பதும் அப்படியே இருக்கிறது. சம்பந்தம் பேச வந்தவர் சாப்பிட்டுக் கை நனைக்காமல் போனால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம், உங்களுக்கே தெரியும். கீழே ஊரில் இருக்கும் சின்னத்தாயியிடம் போய் எந்த முகத்தோடு சொல்வேன் என்று நினைத்து நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது மாப்பிள்ளை.

ஆகவே, பரீதின் அண்ணன் மகன் செவ்வாய்க்கிழமை அபுதாபிக்குப் புறப்படுகிறான், அவனிடம் மிஷினைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கூடாரத்திலேயே வைத்துக் குளித்துக்கொள்ளவும். இனிமேல் மிஷின் என்று பேர் சொல்லக்கூடிய எதையும் எங்களுக்குக் கொண்டுவர வேண்டாம், குடை மட்டும் கொண்டுவரலாம்.

வெயிலில் அலையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, தீர்க்காயுசோடு இருக்கவும். உங்கள் அத்தையும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். தப்பு தன்மேல் இல்லை என்றும் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
கொ. காளிச்சாமி

பி.கு. (புதன்கிழமை): இதைத் தபாலில் சேர்க்க மறையூர் கிளம்பியபோது பரீது வந்துவிட்டான். குப்பண்ணன் ஊர் போய்ச் சேர்ந்ததும், "என்ற சம்மந்தி காட்டுல சீமை மிஷினுங்க, வெந்நீரும் அரப்பும் ஒண்ணாக் கலந்து தானா வந்து உழுவுது, நம்ம ஜில்லாவுல எவங்கிட்டயும் இல்லீங்க" என்று வேலந்தாவளம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாராம். ஓடியதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊரே மிஷினைப் பார்க்க வேண்டும் என்று அவர் வாசலில் வந்து நிற்கிறதாம். மாசி கடைசியில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம், நகை நட்டு எதுவும் வேண்டாம், சீர்வரிசையில் மிஷின் முதலில் வரட்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். மிஷின் நேற்றே கிளம்பிவிட்டது. பரீதின் அண்ணன் மகன் அங்கே வந்து இறங்கியதும் பெட்டியைப் பிரிக்க விடாமல் யாரிடமாவது திருப்பிக் கொடுத்தனுப்பவும். கல்யாணத்துக்கு உங்களுக்கு லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை மாப்பிள்ளை, மிஷின் வந்தாக வேண்டும்.