கூட்டி வந்த வழியே

முப்பது வருஷம் போலீஸ் உத்தியோகம் பார்த்தவன் நான். என்னை நானே பிடித்து உள்ளே தள்ளியிருக்க வேண்டிய நாள் ஒன்று அதில் உண்டு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதமே அது வந்துவிட்டது.

வெள்ளைக்காரன் காலம். பாலாற்றங்கரையில், தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடையை வைத்தே வழி கண்டுபிடித்துவிடலாம் என்கிற ஊர். (பெயர் வேண்டாம். என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.) சிவப்புத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டதும், சீமை ராஜாவுக்கு அடுத்தபடி நான்தான் என்று நினைப்பு.

ஒருநாள் காலை ஒரு தோல் ஷாப் முதலாளி என்னை வழிமறித்தார். அவருடைய சுண்ணாம்புக் குழி மேஸ்திரி அருளப்பன், பட்டணத்திலிருந்து வந்த வியாபாரியிடம், இந்தத் தோல் இன்னும் நாலு நாள் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊற வேண்டும் என்று உண்மையைச் சொல்லிவிட்டாராம். வியாபாரி வாங்காமலே ரயிலேறிவிட்டார். என் பெயரைக் கெடுத்தவனைப் பிடி என்றார் முதலாளி.

நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. குழியோரம் நின்ற அருளப்பனின் மணிக்கட்டைப் பிடித்து, கடைத்தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடத்திக்கொண்டு போனேன். குறுக்கு வழி இருந்தது. (அதில் போனால் என்னை யார் பார்ப்பது?) அவருக்கு என் அப்பா வயது. குனிந்த தலை நிமிராமல் வந்தார்.

ஸ்டேஷனில் ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வாரண்டு எங்கய்யா? பேரைக் கெடுத்துட்டான்னா அவரு போய் மாஜிஸ்ட்ரேட் கிட்ட சொல்லட்டும். அங்கேர்ந்து வாரண்டு வராம, இந்த மாதிரி கேஸ்ல ஒருத்தர் மேல கை வைக்க நமக்கு அதிகாரம் கிடையாது. இவரு கோர்ட்டுக்குப் போனா, உள்ள போறது நீதான்."

சிவப்புத் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். மூன்றே மாதத்தில் வேலை போனால் ஊரில் எந்த முகத்தோடு நிற்பது? நீங்கள் போகலாம் என்று அருளப்பனிடம் மிகுந்த மரியாதையோடு சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். போக மாட்டாராம்.

அதற்குள் முதலாளியே மூச்சிரைக்க ஓடிவந்தார். குழியில் கிடக்கும் தோல்களை உச்சிப் பொழுதுக்குள் எடுத்தாக வேண்டும். தவறினால் மயிரோடு சேர்த்துத் தோலையும் சுண்ணாம்பு தின்றுவிடும். எந்தக் குழி பதமாகிவிட்டது என்று கட்டைவிரலால் மயிரைத் தள்ளிப் பார்த்துச் சொல்கிறவர் அருளப்பன் ஒருவர்தான். மேஸ்திரி வராமல் தொட மாட்டோம் என்று ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்களாம். அவனை விட்டுவிடு என்று முதலாளி என்னிடம் கெஞ்சினார். விட்டாயிற்று, அவர்தான் போகவில்லை என்று நான் அவரிடம் கெஞ்சினேன்.

அருளப்பன் என்னை மட்டும் பார்த்துப் பேசினார்.

"கோர்ட்டுக்கெல்லாம் போகல ஐயா. இட்டாந்த வழியிலயே என்னைக் கூட்டினு போங்க. கையைப் புடிக்காதீங்க. இன்னா ஆச்சுன்னு கேக்கறவங்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

போனோம். வெற்றிலைக் கடைக்காரர் கேட்டார். தப்பு என்மேல்தான் என்றேன். காபி கிளப்பில் நாலைந்து பேர் கேட்டார்கள். அதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. வளையல் கடை வாசலில் நின்ற பெண்கள் ஒன்றுமே கேட்கவில்லை. ஆனாலும் அருளப்பன் அங்கே நின்றுவிட்டார். அவர்களுக்கும் சொன்னேன்.

குழிக்கு வந்ததும் அவர் கட்டைவிரலை வைத்துப் பார்த்து, எடுங்கள் என்று ஆட்களிடம் சொன்னார். தோல் பிழைத்தது. என் வேலையும் பிழைத்தது. அப்பாடா என்று நான் விட்ட மூச்சில் குழித் தண்ணீரே அலையடித்திருக்கும்.

அடுத்த வருஷம் எனக்குப் பெண் பார்த்தார்கள். போலீஸ்காரனா என்று பெண் வீட்டார் தயங்கியபோது, பெண்ணே சொன்னாளாம்: வளையல் கடையில் அவரைப் பார்த்திருக்கிறேன், தப்பை ஒத்துக்கொள்கிற மனுஷர், தைரியமாகக் கொடுங்கள் என்று.

இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை வந்தால், அவள் சொல்லப்போவதைக் கேட்கப் பேரன் பேத்திகள் வந்து கூடிவிடுவார்கள்.

"தெருவுல போறவங்க கிட்டல்லாம் தப்பு என்மேலன்னு சொன்ன மனுஷன், தாலி கட்டின நாள்லேர்ந்து எங்கிட்ட ஒரு தடவை சொன்னதில்ல."