முழங்காலில் தோற்ற கருவறை மாணவர்

2025 ஜூன் 9, திங்கட்கிழமை. பிறப்பதற்கு இரண்டு மாதம் இருக்கையிலேயே என் பேரக்குழந்தை கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தேர்வில் தோல்வியுற்றது. இதுவே என் குறை. ஆணா பெண்ணா என்று அறியச் சட்டம் இடந்தராமையால் அஃறிணையில் எழுதுகிறேன்; குழந்தை பொறுத்தருள்க.

உலகத்தின் ஏனைய ஊர்கள் பிறந்த பின்பே கல்வியைத் தொடங்கிக் காலத்தை வீணடிக்க, கடலூர் மட்டும் விழித்துக்கொண்டது. அங்குள்ள ‘கருவறைக் கல்விக் கழகம்’ ஏழாம் மாதத்துச் சிசுக்களை மழலையர் வகுப்புக்குத் தெரிவு செய்கிறது. பெயர்ப்பலகையில் இரண்டு ‘க்’ விடுபட்டிருந்தன. அவையும் இன்னும் உருவாகவில்லை போலும். நிறுவனர் ஞானசேகரன் முன்னர் வீட்டுமனை விற்றவர். ஒன்று உருவாகுமுன்பே அதற்கு முன்பதிவு வாங்குவதில் அவருக்கு நெடுநாள் அனுபவம் உண்டு.

அவருடைய பள்ளித் தோழரே என் மருமகன் அருள்முருகன். மகள் இளவரசியை அவர் சிதம்பரத்திலிருந்து பேருந்தில் கழகத்துக்கு அழைத்துச்செல்ல, துணைக்கு நானும் சென்றேன். ஞானசேகரன் ஸ்கேன் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, நீதிபதியைப் போலத் தீர்ப்புச் சொன்னார்.

“மச்சான், தப்பா நெனச்சிக்காத. தொட எலும்பு இருக்கு, கை எலும்பு இருக்கு. முட்டிச்சில்லதான் காணோம்.”

“காணோமா? எங்கடா போச்சி?”

“இன்னும் குருத்தெலும்பாவே கெடக்கு. பெஞ்சுல நிமுந்து ஒக்கார எலும்பு வேணாமா? புள்ளைக்கு அக்கற பத்தல மச்சான்.”

உடனே ‘கல்விக்குழு’ கூடியது. அதாவது, அவரும் அவர் மனைவியும். ‘எலும்பாக்கத் தீவிரப் பயிற்சி’ ஒருமனதாக நிறைவேறிற்று. தாய் நண்பகலில் மொட்டைமாடியில் நின்றபடி வாய்ப்பாடு கேட்க வேண்டும். உட்காரலாகாது, தாய் உட்கார்ந்தால் சிசுவின் முழங்கால் சோம்பிவிடுமாம். இத்துணை ஆழ்ந்த ஆராய்ச்சி வேறெங்கும் நடைபெற்றதாக நான் அறியேன்.

ஊர் திரும்பி, இளவரசி வீட்டு மாடியில் நின்றாள். அவ்வார இறுதிக்குள் அவள் பாதங்கள் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கின.

“மாமா, நீங்களும் வாத்தியாருதான? கொஞ்சம் கஷ்டப்பட்டாதான புள்ள முன்னுக்கு வரும்? எடுத்துச் சொல்லுங்க” என்றார் மருமகன்.

“அப்பா, தல சுத்துது. நான் ஒக்காரணும்ப்பா” என்றாள் மகள்.

இரண்டு கூற்றுகளையும் சீர்தூக்கினேன். பின்னதே உடனடிப் பயன் உடையதாகத் தோன்றியது. இருவரையும் மகப்பேறு மருத்துவர் ஜான்சியிடம் அழைத்துச் சென்றேன். அவர் முதலில் இளவரசியைப் படுக்கவைத்து, இரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு மருமகனை நோக்கித் திரும்பினார்.

“பி.பி. ஏறிக் கெடக்கு. இப்பிடி வீங்குன கால வச்சிக்கிட்டு இவுங்கள வெயில்ல நிக்க வச்சது யாரு?”

“முட்டிச்சில்லு எலும்பாவட்டும்னுதான் டாக்டர்…”

“அது இப்ப எலும்பா இருக்காதுங்க! வயித்துல கை கால் எலும்பெல்லாம் மொதல்ல குருத்தெலும்பாதான் உருவாவும். அப்புறம் ரத்தக்குழா உள்ள பூந்து, நடுவுலேர்ந்து எலும்பா மாறிக்கிட்டே போவும். முனைங்கள்ல குருத்தெலும்பு மிச்சம் இருக்கணும். இருந்தாதான் புள்ள உசரமா வளரும். முட்டிச்சில்லு எலும்பாவ மூணு வயசு, அஞ்சு வயசுகூட ஆவும்.”

“அதுவரைக்கும் புள்ள என்னா டாக்டர் பண்ணும்?”

“தவழும், ஓடும், வுழும். வேற என்னா வேல அதுக்கு?”

மருமகன் வெளியே சென்று நிறுவனரை அலைபேசியில் அழைத்தார். ஒலிபெருக்கியில் பதில் கணீரென்று வந்தது: “மூணு வயசா? அத முன்னாடியே முடிச்சிக் குடுக்கத்தான் மச்சான் ஸ்பெஷல் பேட்ச் வச்சிருக்கோம்!”

கதவிடுக்கில் இளவரசியின் பாதங்கள் தெரிந்தன. மருமகன் அலைபேசியை அணைத்தார். வீடு திரும்புகையில் மனைவியின் செருப்பைத் தம் கையில் எடுத்துக்கொண்டு, தெருவறிய அவள் பின்னே நடந்தார்.

அடுத்த திங்கட்கிழமை, என் பேரக்குழந்தை கல்வியைத் துறந்த செய்தியை அறிவிக்கக் கழகத்துக்குச் சென்றேன். என்னே வளர்ச்சி! ஸ்பெஷல் பேட்ச் வரிசை மைதானம்வரை நீண்டிருந்தது. வெயிலில் கருவுற்ற பெண்கள் நின்றிருந்தனர். உடன் வந்தவர்கள் பந்தல் நிழலில் நாற்காலிகளில் அமர்ந்து, கல்வியின் மேன்மையைப் பேசிக்கொண்டிருந்தனர்.

அவர்களுள் உங்களையும் கண்டேன், வாசகரே. உங்கள் முழங்கால் சில்லு முற்றும் எலும்பாகி நெடுநாளாயிற்று. எழுந்திருங்கள். உங்களுடன் வந்த அந்தப் பெண் உட்காரட்டும்.