உன் கறுப்புக் காரும் உன் மாமாவின் தோளும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டில் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், உன் மாமாவும் சுகம். உன் காரைப் பற்றி முதல் வரியிலேயே எழுதினால் மீதியைப் படிக்காமல் கிளம்பி வந்துவிடுவாய் என்பதால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

மாற்றலாகிப் போகும்போது காரை எங்கள் ஷெட்டில் விட்டுவிட்டு, "அக்கா, கறுப்பு கலர், தூசி பளிச்சுன்னு தெரியும், கொஞ்சம் பாத்துக்க" என்றாய் அல்லவா? நன்றாகவே பார்த்துக்கொண்டேன். தினமும் காலையில் காய்ந்த துண்டை எடுத்து அழுத்தி அழுத்தித் துடைத்தேன். ஷெட்டுக்குள் பார்த்தால் கண்ணாடி தோற்றுப்போகும். ஒருநாள் தரையைக் கழுவலாம் என்று எதிர்வீட்டு ஆடிட்டரிடம் காரை வெளியே எடுக்கச் சொன்னேன். வெயில் பட்டதும்தான் தெரிந்தது. பானெட், கதவு, கூரை எங்கும் சிலந்தி வலை பின்னின மாதிரி வட்டவட்டமாகக் கீறல். ஆடிட்டர் குனிந்து பார்த்துவிட்டு, "தண்ணி ஊத்தாம துடைச்சீங்களா? அந்தத் தூசியே கீறிடும்ங்க" என்றார். அந்த மனுஷனுக்குக் கணக்கோடு நிறுத்திக்கொள்ளத் தெரியாது.

இந்த நேரத்தில் உன் மாமா எப்படி இருந்தார் என்று உனக்குச் சொல்லவேண்டும். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி விழுந்து தோளை முறித்துக்கொண்டாரே, கட்டுப் பிரித்த பிறகும் வலது கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. சட்டைப் பொத்தான் நான்தான் போடணும், தலை நான்தான் வாரணும். பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் பிசியோ பெண், சுவரில் துணியை வைத்து வட்டம் வட்டமாகத் தேய்க்கச் சொன்னாள். "அவ்வளவு பெரிய பஸ்ஸைத் திருப்பின கை இது. சுவத்தைத் துடைக்கச் சொல்றா!" என்று இவர் நாற்காலியில் உட்கார்ந்ததுதான், எழுந்திருக்கவே இல்லை. டிவியைக்கூடப் போடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு உள்ளுக்குள் பயம்தான்.

நான் காரைப் பிடித்துக்கொண்டு அழுதது வாசல்வரை கேட்டிருக்கிறது. மெதுவாக வெளியே வந்து பார்த்தார்.

"யார் பண்ணின வேலை?"

"காத்துல வந்திருக்கும்."

"காத்து இவ்வளவு கோவமாவா துடைக்கும்?"

விழுந்த பிறகு அவர் அடித்த முதல் ஜோக் அது. அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டேன்.

அப்புறம் நடந்ததை நீ நிதானமாகப் படி. "பல்லுக்குப் போடற பேஸ்ட் போட்டா எல்லாம் போயிடும்" என்று இடது கையால் ஒரு கதவில் பூசினார். கதவு வெள்ளையாக மங்கி, கார் முழுக்கப் புதினா வாசனை அடித்தது. நான் வேறு பேஸ்ட் வாங்கியிருக்கணுமாம், அதற்கும் திட்டு. பிறகு பெயிண்ட் கடைக்கு ஓடி பாலிஷ் டப்பா, ஸ்பான்ஜ், மிருதுவான துணி எல்லாம் வாங்கி வந்தேன். முதலில் நன்றாகக் கழுவணும், நிழலில் வைத்துத்தான் போடணும், பட்டாணி அளவுதான் எடுக்கணும், ஒரு ஜாண் இடம் முடித்துவிட்டுத்தான் அடுத்த ஜாண். "மெஷின்ல குடுத்தா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று கடைக்காரர் சொன்னதை வீட்டில் வந்து சொல்லிவிட்டேன், அது என் தப்பு. "மெஷினுக்கு என்ன தெரியும்?" என்று ஸ்டூலைக் கதவருகே இழுத்துப் போட்டார். கை அவ்வளவு உயரம்தானே போகும்! வலது முழங்கையை இடது கை தாங்க, தேய்ப்பார், துடைப்பார், என்னை டார்ச் அடிக்கச் சொல்லி உற்றுப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். "டார்ச்சை ஆட்டாதே!" "என் கை மட்டும் என்ன இரும்பா?" சண்டைதான். ஆனால் சண்டை போட ஆள் கிடைத்தாரே என்று எனக்கு நிம்மதி.

பிசியோ பெண் வந்து பார்த்தாள். என்னைத் தனியே கூப்பிட்டு, "இதுதான் பயிற்சின்னு சொல்லிடாதீங்க, நிறுத்திடுவாரு" என்றாள். அவரிடம் போய், "சார், இந்த ஓரத்துல கீறல் இன்னும் தெரியுதே, கொஞ்சம் மேல பாருங்க" என்றாள். "கண்ணாடி போட்டுப் பாரும்மா" என்று முறைத்தார். அவள் போனதும் மேலே தேய்த்தார். இப்படியே கதவு முடிந்து, பானெட் முடிந்து, போன வாரம் காபியோடு போகிறேன், உன் மாமாவின் வலது கை தலைக்கு மேலே, காரின் கூரையில் போய்ப்போய் வருகிறது. சொன்னால் கையை இறக்கிவிடுவாரோ என்று அப்படியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினார்.

"ஏன் அழறே? இன்னும் எங்கயாவது கீறலா?"

"இல்ல, காபி ஆறிடுச்சு."

இப்போது தலையை அவரே வாரிக்கொள்கிறார். வகிடு கோணல்தான், நான் வாயைத் திறப்பதில்லை. உன் காரும் அப்படியே. ஆழமான ஒன்றிரண்டு கோடுகள் போகவில்லை, மற்றபடி வெயிலில் நிறுத்தினால் உன் முகம் தெரியும். அடுத்த மாதம் எல்லாருமாக வந்து தங்கிவிட்டுக் காரை எடுத்துப் போங்கள். உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். ஒரு குறையும் உன்னைத் தொடாமல் நீ நெடுநாள் நன்றாக இருக்கணும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது, "கை வந்துடுச்சு, ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்" என்று இவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கடைத்தெரு எல்லாம் சுற்றிவிட்டு, திரும்பி உள்ளே வரும்போது நம் கேட் தூணில் முன்கதவு முதல் பின்கதவு வரை ஒரே இழுப்பு. இறங்கிக் கோட்டில் விரலை ஓட்டி, "நகம் மாட்டுது. இது பாலிஷ்ல போகாது, பெயிண்ட்தான் அடிக்கணும்" என்றார். முகத்தில் துளி வருத்தம் இல்லை. "அத விடு, ஸ்டீயரிங் முழுசா திரும்புச்சு, பாத்தியா!" என்றார். ஆகவே அடுத்த மாதம் வராதே. திட்டுவதானால் கடிதத்தில் திட்டு. போன் செய்யாதே, இப்போதெல்லாம் ஓடிப்போய்ப் போனை எடுப்பவர் அவர்தான்.