மாடல் நம்பர் நாலு

படப்பை ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் நின்ற கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸைச் செந்தமிழன் மூன்றாவது தடவையாகப் படித்தான். படத்தில் இருந்த பெரியவர் யாரென்றே அவனுக்குத் தெரியாது. ஆனால் படத்துக்குக் கீழே இருந்த வரிகள் அத்தனையும் அவன் எழுதியவை.

'தெருமுனையில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே எங்கள் வீட்டு ரேடியோ அடங்கிவிடும். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே வளர்ந்தேன். இப்போது அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.'

ஒரகடத்தில் கார் கண்ணாடி செய்யும் கம்பெனியில் அவன் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒரு பீஸும் இன்னொரு பீஸும் அச்சு அசலாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. அதனால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஏழு மாதம் முன்பு ஃபேஸ்புக்கில் அவன் போட்டது, ஒரு புள்ளிகூட மாறாமல் இங்கே நின்றது.

வயிறு எரிந்தது உண்மை. ஆனால் அதற்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. அந்த வரிகளில் வருகிற அவன் அப்பா தாண்டவராயன் மண்ணூரில் கல்லுக்குண்டாட்டம் உயிரோடு இருந்தார். பேச்சுவார்த்தைதான் இல்லை. செந்தமிழன் வீடு கட்டிக் குடிபோனபோது, கிரகப்பிரவேசப் பத்திரிகையில் மாமனார் பெயர் மேலேயும் அப்பா பெயர் கீழேயும் வந்துவிட்டது. அச்சடித்தவன் செய்த கோளாறு என்று இவன் எவ்வளவோ சொல்லியும் மனுஷன் கேட்கவில்லை. மூன்று வருஷமாக அந்த வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. அந்த ஏக்கத்தில் எழுதியதைத்தான் படித்தவர்கள் சாவு என்று எடுத்துக்கொண்டார்கள். 'ஆழ்ந்த இரங்கல்' என்று நூற்றிருபது பேர் போட்டார்கள். அதுவரை இவன் எழுதியதற்கு ஆறு பேருக்கு மேல் திரும்பிப் பார்த்ததில்லை. அப்பா நன்றாகத்தான் இருக்கிறார் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அந்த வெட்கம் ஏழு மாதமாக நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. என்றைக்காவது மண்ணூருக்குப் போய் அப்பா காலில் விழுந்து சமாதானம் ஆகிவிட வேண்டும் என்றிருந்தவனுக்கு, இந்த விஷயம் அவர் காதுக்குப் போனால் கொள்ளி போடக்கூட விடமாட்டார் என்று தெரியும்.

ஃபிளெக்ஸின் மூலையில் அதை அடித்த படப்பைக் கடையின் பெயர் இருந்தது. நேரே அங்கே போனான். கடைக்காரன் லோகேஷ் தங்கமான பையன். திருடிவிட்டாயே என்று கேட்டதற்குக் கோபமே படாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"அண்ணே, இது நம்ம கடையில மாடல் நம்பர் நாலு. இதுவரைக்கும் பதினோரு சாவுக்கு அடிச்சிக்கீறோம். படிக்கிறவங்க அழாம போனதில்ல. யாரோ கஸ்டமர் போன்ல கொண்டாந்து காட்னது. கீழ 'ஆழ்ந்த இரங்கல்'னு இருந்துச்சு, சரி சாவு மேட்டர்னு ஃபைலை எடுத்து வெச்சிக்கினேன்."

பதினோரு சாவு என்றதும் செந்தமிழனுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. புத்தகம் போட்டவனுக்குக்கூட இத்தனை வாசகர் அழுதிருப்பார்களா என்று ஒரு சபலம். எடுத்துவிடு என்று சொல்ல வந்தவன், வாய் தவறியவன் மாதிரி, என் பெயரையாவது போடக்கூடாதா என்று கேட்டுத் தொலைத்தான். லோகேஷ் உடனே சரி என்றான். அடுத்த ஃபிளெக்ஸிலேயே போடுவதாக வாக்குக் கொடுத்தான். சொன்ன சொல்லையும் காப்பாற்றினான்.

அடுத்த ஃபிளெக்ஸ் நான்காம் நாள் ஒரகடம் கூட்டு ரோட்டில் ஏறியது. மேலே வெள்ளை மீசைப் பெரியவர் படம். கீழே, 'எழுதியவர்' என்பது கடுகு சைஸில், 'செந்தமிழன், மண்ணூர்' என்பது பூசணிக்காய் சைஸில். அன்றைக்குப் பார்த்து அவனுக்கு வார விடுமுறை. ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்தவர்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்து, செத்தது செந்தமிழனின் அப்பா என்று எடுத்துக்கொண்டார்கள். துக்க வீட்டுக்காரனுக்குப் போன் போட்டு நிஜமா என்று கேட்பது மரியாதை இல்லை என்று முடிவு செய்தார்கள். ஒரு வேனைப் பிடித்து, ஆளுயர ரோஜா மாலையோடு நேரே கிளம்பிவிட்டார்கள்.

சூப்பர்வைசர் சக்திகுமார் மண்ணூர் ஏரிக்கரையிலிருந்து போன் பண்ணியபோது செந்தமிழன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தைரியமா இருப்பா. நாங்கல்லாம் வந்துட்டோம். பந்தல் எதுவும் காணோமே, எந்தத் தெரு?"

வேனை விட்டு யாரும் இறங்காதீர்கள், நான் வந்து சொல்கிறேன் என்றான். அப்பாவுக்கு எதுவும் ஆகவில்லை என்று சொல்ல இப்போதும் நாக்கு எழவில்லை. கை கழுவாமலே பைக்கை எடுத்தான். உயிரோடு இருக்கிற மனிதர் வாசலில் பன்னிரண்டு பேர் மாலையோடு போய் நிற்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் போய்விட வேண்டும். போய் என்ன சொல்லுவது என்றுதான் வழி நெடுக விளங்கவில்லை. நான்தான் எழுதினேன், நான்தான் மறைத்தேன், அடித்தாலும் அடி என்று சொல்லிவிடலாம் என்று ஊருக்குள் நுழையும்போது முடிவு செய்தான். முடிவு செய்ததும் மனசு கொஞ்சம் லேசானது.

வேன் ஏரிக்கரையில்தான் நின்றது. அதைத் தாண்டி வீட்டுக்கு ஓடினான். கதவு திறந்தே இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தான், பதில் இல்லை. செருப்பு வாசலில் இல்லை. உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

அப்பா படுக்கிற கட்டிலுக்கு எதிர்ச்சுவரில், மேலிருந்து கீழ்வரை ஒரு ஃபிளெக்ஸ். அவனுடைய வரிகள். அடியில் 'ஆழ்ந்த இரங்கல்'.

கட்டிலிலேயே உட்கார்ந்தான். தனக்கு ஒரு வார்த்தை சொல்லாமலே எல்லாம் முடித்துவிட்டார்கள். பதின்மூன்றாவது சாவு எங்கள் வீட்டிலேயா என்று நினைத்தபோது அழுகை பீறிட்டு வந்தது. பத்திரிகையில் அவர் பெயரை மேலே போட்டு இன்னொரு தடவை அச்சடித்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று தலையில் அடித்துக்கொண்டான். வேனில் வந்தவர்கள் கொண்டுவந்த மாலை வீண்போகாது என்றும் ஒரு பாழும் நினைப்பு வந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு, கையில் முறத்தோடு எட்டிப் பார்த்தாள். அப்பா எப்போ என்று கேட்க வாயெடுத்தான். சுவரைத்தான் கை காட்ட முடிந்தது.

சின்னப்பொண்ணு ஃபிளெக்ஸைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"அதுவா, போன்ல எழுத்து பொடியா கீது, கண்ணு தெரிலன்னு ஆறு மாசம் முன்னாடியே உங்கப்பாதான் படப்பைக்குப் போயி பெர்சா அடிச்சி எட்தாந்து மாட்னாரு, தெனம் ஒரு தபா முழுசா படிச்சிட்டுதான் டீக்கடைக்கே கெளம்புவாரு, இப்பகூட அங்கதான் போயிக்கீறாரு."