இடது பக்கம் பழைய முறை

வயலை ஒருமுறைகூடப் பார்க்காமல் அதைப் பற்றி ஒன்றரை மாதம் வியந்துகொண்டிருந்த ஆள் நானாகத்தான் இருப்பேன். (பொருளாதாரம் படித்தவனுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை.)

மன்னார்குடிப் பக்கம் ஒரு நெல் திட்டம். குழுவில் மூன்று பேர். மண்ணைச் சோதிக்க ஒருவர், விவசாயிகளிடம் பேசிப் புரியவைக்க ஸ்டெல்லா, புள்ளிவிவரத்துக்கு நான். கோவிந்தராசு என்பவரின் வலது பக்க வயலில் கயிறு பிடித்து வரிசை நடவு. இடது பக்கத்தில் வழக்கம்போலக் கை போன போக்கில் நடவு. இரண்டையும் ஒப்பிட்டு நான் அறிக்கை தர வேண்டும். என் ஒப்பந்த வேலை நீடிப்பது அந்த அறிக்கையின் கையில் இருந்தது.

வாரம் ஒருமுறை அவருக்குப் போன் போட்டு, எத்தனை ஆள், எவ்வளவு உரம், பயிர் எவ்வளவு உயரம் என்று கேட்பேன். இரண்டு வயலுக்கும் ஒரே பதில். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. பழைய முறைப் பயிர் புது முறைக்கு ஈடாக வளர வாய்க்கால் தண்ணீரா, மண்ணா, எது காரணம்? மண்காரரைத் துளைத்தெடுத்து ஏழு பக்கம் விளக்கம் எழுதினேன். பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

வயல் விழா அன்றுதான் போனேன். நான் மைக்கில் பேசுவதைப் பார்க்கட்டும் என்று மனைவியையும் கூட்டிப்போனேன். (தப்பு.) வரப்பில் ஊரே நின்றது, முன்னால் எங்கள் இயக்குநர். தாளைப் பார்த்தபடியே, "இடது பக்கம் பழைய முறை. வரிசை இல்லாததை நீங்களே பாக்கலாம்" என்றேன். நிமிர்ந்தேன். இரண்டிலும் நூல் பிடித்த மாதிரி வரிசை.

"நல்ல முறைன்னு மேடம் அவ்வளவு சொன்னாங்க சார்," என்றார் கோவிந்தராசு. "ஒண்ணை மட்டும் கெடுப்பானேன்னு ரெண்டுலயும் நட்டுட்டேன்."

"எங்கிட்ட சொல்லலையே?"

"எப்படி நட்டேன்னு நீங்க கேக்கலையே."

ஸ்டெல்லாவைப் பார்த்தேன். "நட வைக்கிறதுதாங்க என் வேலை. ஒரு வயலை விட்டு வைக்கணும்னு எங்கிட்ட யாரு சொன்னா?" என்றார். சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான். வெட்கத்தில் காது சுட்டது.

அடுத்த பருவத்தில் ஊரில் பாதிப் பேர் வரிசை நடவுக்கு மாறினார்கள். திட்டம் ஜெயித்தது, என் ஒப்பந்தம் முடிந்தது.

இன்றும் என் தட்டில் இரண்டு தோசை விழுந்தால், "இடது பக்கம் பழைய முறைங்க" என்கிறாள் மனைவி. நானும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறேன்.