எலுமிச்சம்பழம் கக்கிய இரத்தம்

சனிக்கிழமை காலை சிம்பாங் அம்பாட் பசார் சந்தையில் மீன் வாங்க ஆளில்லை. அத்தனை பேரும் மாயாண்டி சாமியின் வாசலில். அவர் எலுமிச்சம்பழத்தை வெட்டினால், பழத்துக்குள் இறங்கிய பேய் குடித்த இரத்தத்தைக் கக்குமாம்! பேய்க்கும் வாந்தி வரும் என்று ஊருக்கு இப்போதுதான் தெரிந்தது.

வரிசையில் முதல் ஆள் பெரியதம்பி, பழைய லோரி டிரைவர். மாரடைப்பு வந்து ஒரு மாதம். முகம் வெளிறி, நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது.

"ரத்தம் ரொம்பக் கம்மி. அடிபட்ட இதயம் இத வச்சு எப்படி ஓடும்? மறுபடி ஆபத்து. இரும்புச்சத்து மாத்திரை போடுங்க. ரத்தம் எங்க குறையுதுன்னு பார்க்க திங்கக்கிழமை வாங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

போன வாரம் சாமி அலறினார்: "இரும்பா? இரும்பக் கண்டா பேய் மட்டுமில்ல, சாமியும் ஓடிரும்! நிறுத்து!"

பேய்க்குப் பயந்து தலையணைக்கடியில் இரும்பு வைத்துத் தூங்கிய பரம்பரை. பெரியதம்பி நிறுத்திவிட்டார். அலமாரியில் மாத்திரை அப்படியே கிடந்ததைப் பார்த்த மனைவி சுசீலா, இன்று கூடவே வந்துவிட்டாள். கிளேபாங் கடற்கரையில் எலுமிச்சைச் சாறும் சர்பத்தும் விற்கும் தண்ணீர்க் கடை போடுகிறவள்.

சாமி பழத்தை வெட்டினார். சிவப்பாக வழிந்தது. பிழைத்துவிடுவோம் என்று பெரியதம்பிக்கு அழுகையே வந்தது.

"சாமி, இரும்பு ஆகாதுன்னீங்களே. உங்க கத்தி என்ன பிளாஸ்டிக்கா?" என்றாள் சுசீலா.

"இது மந்திரிச்ச கத்திம்மா!"

"பேய் கத்திலயா, பழத்துலயா?"

"பழத்துல!"

"அப்ப எந்தக் கத்தியில வெட்டுனாலும் ரத்தம் வரணும்லா!"

கடைக் கத்தியையும் ஒரு பழத்தையும் பையிலிருந்து எடுத்தாள். முதலில் சாமியின் தட்டிலிருந்த இன்னொரு பழத்தைத் தன் கத்தியால் வெட்டினாள். வெறும் சாறு. பிறகு சாமியின் கத்தியைப் பிடுங்கித் தன் கடைப் பழத்தை வெட்டினாள். சிவப்பு!

"தினம் ஒரு கூடை வெட்டுறேன், ஒண்ணும் ரத்தம் கக்குனதில்ல. இதுல எந்தப் பேய் பூந்துச்சு? கத்தியில செம்பருத்திய தேய்ச்சிருக்காரு. புளிப்பு பட்டா சிவக்கும். செம்பருத்திப் பூ சர்பத் விக்கிறவகிட்டயேவா இந்த வித்த?"

சாமி மலையேறியது, பின்வாசல் வழியாக.

பெரியதம்பி தலை குனிந்து நின்றார். "வெக்கமா இருக்கு சுசீலா. மாத்திரை…"

"பையிலதான் இருக்கு, இந்தாங்க. என் பழத்தையும் பிழிஞ்சு குடிங்க. எலுமிச்சை சேர்ந்தா இரும்பு உடம்புல நல்லா ஒட்டுமாம், டாக்டரே சொன்னாரு. திங்கக்கிழமை ஆஸ்பத்திரி."

அடுத்த சாமி வராமலா போவார்? போகிறவர்கள் போங்கள். வீட்டுக் கத்தியை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள்; மூளையைத்தான் எப்படியும் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறீர்களே!